மஞ்சள் அடிக்குதா

காலையில் கடையைத் திறந்ததும் நான் முதலில் செய்வது பிரிண்டருக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுப்பதுதான். அதற்கு முன் மாடியில் எழுந்து, பல் துலக்கி, தேநீர் போட்டுக் குடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படியிறங்கி வருவேன். ஷட்டரைத் தூக்குவேன். பிரிண்டர்மேல் மூடியிருக்கும் துணியை மடித்து வைப்பேன். சோதனைப் பக்கம் வெளியே வரும். ஒவ்வொரு மைக்கும் வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். எந்தக் கோடும் அறுந்திருக்கவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம். அதில் மஞ்சள் கோடுகளைப் பார்ப்பதுதான் சிரமம். வெள்ளைத் தாளில் மஞ்சள் சட்டென்று கண்ணில் படாது. ஜன்னல் பக்கம் போய், தாளைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா போன பிறகும் இந்த ஒழுங்கில் எதையும் நான் மாற்றவில்லை. நீ கடைக்கு ஒத்தாசையாக வந்த பிறகும் மாற்றவில்லை.

நேற்று நீ அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குழந்தையின் படத்தை மேட் தாளில் அச்சிடப் பார்த்தாய். காலை முழுக்க அதோடு மல்லுக்கட்டினாய். நான் பக்கத்து மேசையில் தாள் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, லிஸ்ட்ல 'நம்ம மேட்' காணோமே. மத்த ப்ரொஃபைல் எல்லாம் இருக்கு."

"மூடித் திறந்து பாத்தியா?"

"மூடியாச்சு, தொறந்தாச்சு. கம்ப்யூட்டரையே அணைச்சுப் போட்டாச்சு. பிரிண்டர் டிரைவரை அழிச்சுட்டு மறுபடி ஏத்தியாச்சு. ஃபோல்டருக்குள்ள போய்ப் பாத்தா கோப்பே இல்ல. அக்கா எவ்வளவு பாடுபட்டுப் பண்ணினது. முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்ச கதையால்ல இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். பிறகு பிரிண்டர் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாய். அவர் எங்கேயோ வண்டியில் போய்க்கொண்டிருந்தார்.

"தானா எப்படிம்மா போகும்? கால் முளைச்சு நடந்தா போச்சு? யாராச்சும் எடுத்தாத்தான் போகும். சாரைக் கேளு."

நீ என்னைப் பார்த்தாய். நான் கத்தியை நிறுத்தவில்லை. தெரியலையேம்மா என்றேன்.

அது பொய். எனக்குத் தெரியும். ஒரு சின்னக் கேள்விதான் கேட்டாய், கோப்பு எங்கே போயிற்று என்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார்.

ப்ரொஃபைல் என்றால் என்ன என்று அவள் உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள். இருந்தாலும் அடியிலிருந்தே சொல்கிறேன். ஒரே படம் பளபளப்பான கிளாஸி தாளில் ஒரு மாதிரியும், பளபளப்பில்லாத மேட் தாளில் வேறு மாதிரியும் விழும். தாள் மையைக் குடிக்கும் விதம் அப்படி. இந்த பிரிண்டர், இந்த மை, இந்தத் தாள் மூன்றும் சேர்ந்தால் நிறம் எந்தப் பக்கம் சாயும் என்று மென்பொருளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கும் கோப்புதான் ப்ரொஃபைல். அது சரியாக இருந்தால் திரையில் பார்ப்பதும் தாளில் விழுவதும் ஒன்றாக இருக்கும். நம் மேட் தாளுக்கு உன் அக்காவே அதைச் செய்தாள். வண்ண வண்ணமாகக் கட்டங்கள் அச்சிட்டு, காயவிட்டு, வாடகைக்கு எடுத்த கருவியால் ஒவ்வொரு கட்டமாக அளந்தாள். எல்லாம் முடிந்து, லிஸ்டில் என்ன பெயர் போடலாம் என்று கேட்டாள். 'நம்ம மேட்'னு போடு என்று சொன்னது நான்தான்.

இன்னொரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கோப்புக்கு இரண்டு பெயர். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. லிஸ்டில் தெரிவது உள்ளே இருக்கும் பெயர். வேறு ஒரு ப்ரொஃபைலின் உள்ளே 'நம்ம மேட்' என்று எழுதி, பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்துவிட்டால், லிஸ்டில் 'நம்ம மேட்' என்றுதான் தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். படம் மட்டும் மஞ்சளாக வரும். மிகவும் இல்லை. சாயங்கால வெயிலில் எடுத்த மாதிரி.

நான் அதைத்தான் செய்தேன்.

ஏன் என்று கேட்பாய். உன் அக்காவுக்கு வேறு ஊரில் ஒரு பெரிய அச்சகத்தில் வேலை வந்ததே, குழந்தைகளுக்கான படப் புத்தகங்களில் நிறம் சரிபார்க்கும் வேலை, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் அவள் போவது, பிறகு கடையை விட்டுவிட்டு நான் போவது என்று முடிவாயிற்று. உன் அப்பா என்னைப் பார்த்து, "மாப்ள, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். எனக்கென்ன, நல்ல வேலை, போகட்டும் என்றேன். நீ, "அப்ப அக்கா நாற்காலி எனக்கு" என்றாய். "நாற்காலிய எடுத்துக்கோ, ஆனா எதையும் கலைச்சு வைக்காத. எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றாள் அவள்.

அவளுக்குக் கோபம் வந்து நீ பார்த்திருக்கிறாயா? நானும் அவளும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அப்போது என்னை வா போ என்றுதான் பேசுவாள். கல்யாணத்துக்குப் பிறகு உன் அம்மா கேட்டுக்கொண்டதற்காக வாங்க போங்க என்று மாறினாள். அதிலும் ஒரு கேலி ஒட்டிக்கொண்டிருக்கும். என்மேல் உண்மையாகவே கோபம் வந்தால் மட்டும் பழைய 'நீ' திரும்பிவிடும். அது அபூர்வமாகத்தான் வந்தது. நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள் இல்லை. நான் அவளிடம் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அவள் போவதை நான் விரும்பவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நின்றிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எனக்காக நின்றாள் என்று ஆகும். அது வாழ்நாள் முழுக்க வீட்டில் ஒரு ஆளைப்போல உட்கார்ந்திருக்கும். அவளாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. அப்படி யோசித்தேன்.

அச்சகத்தார் சில படங்களை அனுப்பி, உங்கள் கையால் மேட் தாளில் அச்சிட்டு அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றார்கள். அவள் மாடிக்குக் குளிக்கப் போயிருந்தபோது ப்ரொஃபைலை மாற்றி வைத்தேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்ட வேலை.

முதல் படம் வந்தது. ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"ஏங்க, இங்க வாங்க. மஞ்சள் அடிக்குதா?"

"எங்க?"

"மொத்தமா. இந்தப் பாப்பா சட்டை வெள்ளை. பழுப்பேறின மாதிரி இல்ல?"

நான் தாளை வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு அப்படித் தெரியலையே."

அவள் பழுது பார்க்கும் விதம் உனக்குத் தெரியும். வலது கையை விரித்து வைத்துக்கொண்டு, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக மடக்குவாள். "கழிச்சுக்கிட்டே வரணும். கடைசியில மடங்காம எது நிக்குதோ அதுதான் திருடன்." வகுப்பிலும் அப்படித்தான். அன்றும் அப்படித்தான் செய்தாள். திரை சரியா என்று பார்த்து ஒரு விரல். மை சரியா என்று பார்த்து ஒரு விரல். தாள் வேறு கட்டிலிருந்து எடுத்துப் போட்டு ஒரு விரல். ப்ரொஃபைல். லிஸ்டில் பெயர் இருந்தது, இடத்தில் கோப்பு இருந்தது. அதற்கும் ஒரு விரல். கட்டைவிரல் மட்டும் நின்றது. அதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப என் கண்ணா?" என்றாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. அதாவது, அப்போது எதுவும் சொல்லவில்லை.

அவள் மஞ்சளைக் குறைத்து மறுபடி அச்சிட்டாள். அதற்குள் நான் பழைய ப்ரொஃபைலைத் திரும்ப வைத்திருந்தேன். படம் நீலமாக வந்தது. இப்படிச் சில நாட்கள் போயின. வாடிக்கையாளர்களின் படங்களும் அவளுக்கு மஞ்சளாகத்தான் வந்தன. அவற்றை அவள் இல்லாதபோது சரியான ப்ரொஃபைலில் நான் மறுபடி அச்சிட்டு உறையில் போட்டுவிடுவேன். யார் வேலையும் கெடவில்லை. வாங்கிப் போனவர்கள் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். அவள் அதைப் பக்கத்தில் நின்று கேட்டாள். தனக்கு மஞ்சளாகத் தெரிந்த படத்தை நாலு பேர் பாராட்டினால், ஒருத்தி என்னதான் நினைப்பாள்?

ஒருமுறை மட்டும் சரியாகக் கேட்டாள். "ஸ்க்ரீன்ல பாத்தா சரியா இருக்கு. தாள்ல மட்டும் எப்படிங்க மஞ்சளாத் தெரியும்? கண்ணு ஒண்ணுதானே?"

நல்ல கேள்வி. நான் ஒரு பதில் சொன்னேன். கல்லூரியில் படித்தது பாதி, நானே கட்டியது பாதி. திரை தானாக ஒளி விடுகிறது, தாள் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது, களைத்த கண்ணைத் திரை ஏமாற்றாது, தாள்தான் ஏமாற்றும் என்றேன். தாள், சுவர், கண்ணாடி, இப்படி வெளிச்சத்தைத் திருப்பித் தருகிற எதையும் கொஞ்ச நாளைக்கு நம்பாதே என்றேன். அவள் அதைக் கவனமாகக் கேட்டாள். கருவியை மறுபடி வாடகைக்கு எடுத்து ப்ரொஃபைலைப் புதிதாகச் செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். விசாரிக்கிறேன் என்றேன். விசாரித்தேன், கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னேன்.

கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் குறை ஒன்றும் இல்லை, களைப்பாக இருக்கலாம், ஓய்வு கொடுங்கள் என்றார். களைப்பு என்ற சொல்லை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அவள் அச்சகத்துக்கு ஃபோன் செய்து, இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் போய்த் தோளில் கை வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு படம் வெளியே வந்ததும் அவள் அதை என்னிடம் எடுத்து வருவாள். "மஞ்சள் அடிக்குதா?" நான் பார்ப்பேன். இல்லை என்பேன். சில நேரம் கொஞ்சம் என்பேன். அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். அதற்கு முன் எந்த நிறத்தைப் பற்றியும் அவள் என்னைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. கல்லூரியிலும் இருக்கவில்லை. இப்போது பகல் முழுக்க அந்த மேசையிலிருந்து என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தாள். காய்கறி வாங்கப் போனால் பழுத்திருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். சேலைக்கு ரவிக்கை பொருந்துகிறதா என்று கேட்டாள். நாங்கள் அந்த மாதங்களில் இருந்த அளவுக்கு ஒருபோதும் நெருக்கமாக இருந்ததில்லை. இதை நான் மனதார நம்புகிறேன்.

கேலியும் இருந்தது. அதை ஆரம்பித்தது நான்தான். நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது அவள் ஒரு படத்தைக் காட்டி மஞ்சள் என்றாள். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றிலிருந்து அவள் வீட்டில் காமாலைக்காரி. நீ ஃபோனில் கூப்பிடும்போதே, "எங்க எங்க காமாலைக்காரி?" என்பாய். அவளும் சிரிப்பாள். உன்னைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பிறகு அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. முதலில் பசியில்லை. மை வாடை குமட்டுகிறது என்றாள். படியேறினால் பாதியில் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் வேறு ஒன்றை நினைத்து இரண்டு நாள் சந்தோஷப்பட்டோம். அது இல்லை என்று தெரிந்தது.

ஒரு காலையில் குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்திருந்தாள்.

"இங்க பாருங்க. மஞ்சள் அடிக்குதா?"

அடித்தது.

நான் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தாளைச் சாய்க்கவோ ஜன்னலுக்குப் போகவோ தேவை இருக்கவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் என் நிலைமையையும் நீ பார்க்க வேண்டும். ஆமாம் என்று சொன்னால், அவள் கண் சரியாகத்தான் பார்க்கிறது என்று ஆகிவிடும். அவள் கண் சரி என்றால் விரல்களை மறுபடி முதலிலிருந்து மடக்குவாள். அவள் முட்டாள் இல்லை.

"கண்ணாடியப் பாத்து ஏமாறாதன்னு சொல்லியிருக்கேன்ல" என்றேன்.

"கண்ணாடிய விடுங்க. எனக்கே உள்ளுக்குள்ள என்னமோ சரியில்ல."

"சரி, கீழ வா. ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம். திரை பொய் சொல்லாது."

கடையில் படம் எடுக்கத் தொங்கவிட்டிருக்கும் வெள்ளைத் துணிக்கு முன்னால் அவளை உட்கார வைத்தேன். தலை வாரிக்கொள்ளவில்லையே என்றாள். பரவாயில்லை என்றேன். எடுத்தேன். அவளுக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது, மாடிக்குப் போய்க் குடித்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினேன். படத்தைக் கணினியில் திறந்து, கண்ணின் வெள்ளையில் சுட்டியை வைத்தேன். அந்த இடத்தின் நிறம் எண்களாக வந்தது. ஒரு தாளில் அந்த எண்கள் வந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். கண்ணின் வெள்ளையை மட்டும் தேர்ந்தெடுத்து மஞ்சளை எடுத்தேன். பிறகு முகத்தில் கொஞ்சம் எடுத்தேன், இல்லாவிட்டால் கண் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கழுத்திலும் எடுத்தேன். அவள் படியிறங்கும் சத்தம் கேட்டபோது முடிந்திருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வெள்ளையாத்தான் இருக்கு" என்றாள்.

"நான்தான் சொன்னேனே."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஓய்வெடு. கடைப்பக்கம் வராத."

அவள் வராமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. வாடிக்கையாளர் யாராவது பார்த்துக் கேட்டிருப்பார்கள். மாடி அறையில் இருந்த விளக்கையும் மாற்றினேன், கண் கூசாத மங்கலான விளக்கு. அந்த வெளிச்சத்தில் எல்லாரும் மஞ்சளாகத்தான் இருப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"சின்னவளே, நெசமாவே எனக்குக் காமாலையா இருக்குமோடி?"

நீ சிரித்தாய். "ஆரம்பிச்சுட்டியா? இத்தன நாளு தாளு, இப்ப நீயா? முதல்ல அந்த லைட்ட மாத்துக்கா, பேய் வீடு மாதிரி இருக்கு."

நான் பின்னாலிருந்து பழமொழியைச் சொன்னேன். நீ இன்னும் சிரித்தாய். அவளும் சிரித்தாள். ஊரில் எல்லாரும் வாயெடுத்தால் சொல்லக்கூடிய சாதாரண வியாதிப் பெயர். எங்கள் வீட்டில் மட்டும் அதைச் சொன்னால் சிரிப்பு வந்தது.

டாக்டரிடம் போகலாம் என்று நான் சொல்லவில்லை. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. திரையில் பார்த்துவிட்டாளே.

ஒரு மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எழுப்பினேன். கண்ணைத் திறந்தாள், ஆனால் நான் யார் என்று தெரிய நேரமாயிற்று. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. தூக்கிக்கொண்டு இறங்கினேன். இதைக் கணக்கில் எடுத்துக்கொள் என்று கேட்கவில்லை. தூக்கிக்கொண்டுதான் இறங்கினேன்.

மருத்துவமனையில் ஒரு டாக்டர் அம்மா வந்தார். விளக்கை அடித்து, இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு இவ்வளவு மஞ்சளா இருக்கே. வீட்ல யாருமே பாக்கலையா? எப்போலேருந்து இப்படி?"

"நேத்துலேருந்து."

"நேத்துலேருந்தா? இது பல நாள் மஞ்சள். கல்லீரல் நல்லா பாதிச்சிருக்கு. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

நான் படத்தில் எண்களைப் பார்த்தவன். எப்போதிலிருந்து என்று என்னைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. நேற்று என்று சொன்னேன். வேறு சொன்னால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

அவள் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். பிறகு விரிப்பின்மேல் கிடந்த தன் கையைப் பார்த்தாள். வெள்ளை விரிப்பு. படத்தைத் தாளின் ஓரத்து வெள்ளையோடு ஒப்பிடுவாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு சுண்டுவிரல் மடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த விரல். இந்த நோயில் கை நடுங்கும் என்று நர்ஸ் சொன்னார். நானும் அதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன். நான்கு விரல் மடங்கி, கட்டைவிரல் நின்றது. அதைத் தன் பக்கம் திருப்பவில்லை. அது என் பக்கம் பார்த்துக் கிடந்தது. கை விழுந்த விதம் அப்படி இருக்கலாம்.

நீங்கள் எல்லாரும் வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று உன் அம்மா கேட்டார். "சின்னவளப் பாத்துக்கோங்கன்னு சொன்னா அத்தை" என்றேன். அவர் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த வார்த்தைக்காகத்தான் நீ படிப்பு முடிந்ததும் வேறு எங்கும் போகாமல் இந்தக் கடைக்கு வந்தாய் என்று எனக்குத் தெரியும். அப்படி அவள் சொல்லவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

அன்று கடையில் எடுத்த அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வேறு நல்ல படம் இல்லை. முதல் முறை பார்த்தபோது நீ சொன்னாய், "உயிரோட பாக்கற மாதிரியே இருக்கு மாமா, கண்ணு எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு." நல்ல வேலை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. மேட் தாள். சரியான ப்ரொஃபைலில்தான் அச்சிட்டேன்.

அதற்குப் பிறகு பொய்யான ப்ரொஃபைலை அழித்துவிட்டேன். உண்மையானது என் மேசை இழுப்பறையில் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. அதைத் திரும்ப எடுத்து வைக்கப் பலமுறை உட்கார்ந்தேன். வைத்தால், அவள் கடைசியாகச் சொன்னதற்கு அர்த்தம் இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் வைக்கவில்லை. அதனால்தான் உன் லிஸ்டில் அது இல்லை.

ஒன்றை மட்டும் இத்தனை நாள் ஆறுதலாக வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது, என்னை நம்பிக்கொண்டேதான் போனாள் என்பது. அவள் கடைசியில் பேசியது ஒரே ஒரு வாக்கியம். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நோயில் பிதற்றல் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாகக் கிடக்கிறவள் கடை வேலையைப் பற்றிப் பேசுவாளா, பிதற்றல்தான் என்று எடுத்துக்கொண்டேன். நேற்று நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து லிஸ்டைத் தேடும் வரைக்கும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

"நம்ம மேட்ட எடுத்த இடத்துலயே வச்சிடு. சின்னவ வந்தா தேடுவா."